நூலைக் காப்பதா, ஆளைக் காப்பதா?

மத உணர்வு புண்படும் இடத்தில் சட்டம் எங்கே கோடு கிழிக்கலாம்? டென்மார்க் ஓரிடத்தில் கிழித்தது, இங்கிலாந்து வேறிடத்தில்.

டென்மார்க் கதை கொஞ்சம் வேடிக்கையானது. பழைய மதநிந்தனைச் சட்டத்தை 2017-இல் தூக்கிப் போட்டார்கள். அப்புறம் குர்ஆன் எரிப்புகள் தொடரவே, 2023 டிசம்பரில் 94-க்கு 77 என்ற வாக்குக் கணக்கில் புதிய சட்டம் வந்தது. புனித நூலைப் பொது இடத்தில் எரித்தால், கிழித்தால், மிதித்தால் இரண்டு ஆண்டுவரை சிறை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எரித்தால் குற்றமில்லை. அதையே படம்பிடித்து ஊருக்குப் பரப்பினால் குற்றம். ஆனால் அந்த நூலைப் பேச்சில் கிழிகிழியென்று கிழித்தாலும் இந்தச் சட்டம் தொடாது.

இங்கிலாந்தின் 2006 சட்டம் மதத்தை விட்டுவிட்டு, அதை நம்பும் ஆட்களைப் பார்க்கிறது. பேச்சு மிரட்டலாக இருக்க வேண்டும், வெறுப்பைத் தூண்டும் நோக்கமும் நிரூபணமாக வேண்டும். கேலிக்கும் அவமதிப்புக்கும் சட்டத்திலேயே இடம் உண்டு. கிறித்தவத்தை மட்டும் காத்துவந்த பழைய மதநிந்தனைக் குற்றமும் 2008-இல் ஒழிந்தது.

என் ஓட்டு இங்கிலாந்து முறைக்கே. காகிதத்துக்கு வலிக்காது, அண்டை வீட்டுக்காரருக்கு வலிக்கும். சரி, அதிலும் ஓட்டை இருக்கிறது. நோக்கத்தை நிரூபிப்பது லேசல்ல. அதனால் பொது இடத்தில் அமைதி குலைவதைத் தடுக்கும் பொது ஒழுங்குச் சட்டத்தின் வழியாக வழக்குகள் வருகின்றன. எது கூடாது என்பதாவது டென்மார்க்கில் முன்கூட்டியே தெரியும்.