பத்து இன்ச் சப்வூஃபரும் ஒரு நம்பர் பிளேட்டும்

அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "உங்க கார்ல இருக்கிற அதே ஸ்பீக்கர் செட் இப்ப ஆஃபர்ல வருது. போடலாமா?" ஆமாம் அல்லது வேண்டாம், ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும் என்றுதான் அவர் நின்றிருந்தார். நான் நம்பர் பிளேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். மனிதர் முழித்தார். சரி, எழுதியே விடலாம்.

செட் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன் கதவுகளில் 6.5 இன்ச் காம்போனென்ட் ஸ்பீக்கர்கள் (கீச்சுக் குரலுக்கான குட்டி ஸ்பீக்கர் தனியாக வரும் வகை), டிக்கியில் போர்ட்டட் பெட்டியோடு, அதாவது காற்றுத் துளை வைத்த பெட்டியோடு, 10 இன்ச் சப்வூஃபர் (பேஸ் எனும் அடிச் சத்தத்துக்கு மட்டுமான ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்), சிக்னலுக்குப் பலம் கூட்டும் நான்கு சேனல் ஆம்ப். இரண்டு சேனல் கதவுகளுக்கு, மற்ற இரண்டும் பிரிட்ஜ் ஆகி, அதாவது ஒன்றாகச் சேர்ந்து, சப்புக்கு. வண்டியோடு வந்த டச் ஸ்கிரீனை மாற்றவில்லை. ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் வாங்கிக்கொள்ளும் ஹை-லெவல் இன்புட் ஆம்ப்பில் இருக்கிறது. பின் கதவு ஸ்பீக்கர்கள் பழையவைதான். முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவனுக்கு அவை எதற்கு? பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை. நான் புலம்பவிருக்கும் விஷயம் எந்தப் பிராண்ட் போட்டாலும் வரும்.

வாட்ஸ் கணக்கைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். ஸ்டீரியோவில் 50×4 என்று அச்சடித்திருந்தாலும், 12 வோல்ட் பேட்டரியையும் 4 ஓம் ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சிப் சுத்தமாகத் தரக்கூடியது சேனலுக்கு 20 வாட் அளவில்தான். அதற்கு மேல் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். சப் பெட்டி மேல் பெரிய எழுத்தில் 1200 என்று போட்டிருப்பான். ஓரத்தில் பொடி எழுத்தில் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தாங்கும் வாட், எவ்வளவு என்று பாருங்கள், அதில் கால்வாசிகூடத் தேறாமல் போகலாம். இன்னொன்று, வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும்.

இப்போது நல்லதைச் சொல்கிறேன். இந்தச் செட்டில் எனக்குப் பிடித்தது ஸ்பீக்கரே இல்லை, கதவுக்குள் ஒட்டிய பியூட்டைல் ஷீட். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் தார் மாதிரி ஒட்டுகிற கறுப்பு ரப்பர். கதவின் வெளித் தகட்டில் ஒட்டி, உள் தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளையும் அதைக் கொண்டே மூடினார்கள். ஸ்பீக்கர் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. ஓட்டை திறந்திருந்தால் இரண்டும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முதலில் காணாமல் போவது பேஸ்தான். ஓட்டையை மூடிய பிறகு அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் ஆகிவிட்டது. குரல் டேஷ்போர்டுக்கு மேலே நிற்கிறது, வால்யூமைக் குறைத்தாலும் கலங்குவதில்லை. கதவைச் சாத்தினால் முன்பு "டங்" என்று கேட்டது, இப்போது "தப்". பக்கத்தில் வரும் லாரியின் இரைச்சலும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அவற்றை மட்டும் அடைக்க விடாதீர்கள், உள்ளே துருப்பிடிக்கும்.

வயரிங்கிலும் குறை சொல்ல வழியில்லை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். எர்த் அடிக்கிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முடுக்கினார்கள். பவர் கேபிள் வண்டியின் இடது பக்கம், சிக்னல் வயர் வலது பக்கம். அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறும் அந்த "ஙீ" சத்தம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஒரிஜினல் வயர் எதையும் வெட்டாமல் கப்ளர் போட்டே முடித்தார்கள். சென்னையில் கார் சாமான் என்றால் எல்லோரும் ஜி.பி. ரோட்டுக்குப் போகச் சொல்வார்கள். நான் போட்டது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில். அந்தக் கைக்கு நூற்றுக்கு எண்பது தரலாம்.

மீதி இருபதைத் தின்றது நம்பர் பிளேட்.

சப் வந்த முதல் வாரத்திலேயே டிக்கிப் பக்கம் "ஜ்ஜ்ர்ர்" என்று ஒரு சத்தம், தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. எல்லாப் பாட்டுக்கும் வராது. ஒரு பாட்டில் வரும், அடுத்த பாட்டில் அமைதி. பார்சல் ட்ரேயைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். சீட் பெல்ட் பக்கிளைக் கட்டிப் பார்த்தேன். டிக்கிக் கதவின் பிளாஸ்டிக் உறையைத் திறந்து ஒவ்வொரு கிளிப்புக்கும் ஃபெல்ட் டேப் சுற்றினேன். கடைசியில் ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை, அதாவது சொன்ன ஹெர்ட்ஸில் ஒற்றைச் சத்தம் தரும் ஆப்பை, வண்டி ஸ்பீக்கரில் போட்டு, 30 ஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாக ஏற்றிக்கொண்டே வண்டியைச் சுற்றி நடந்தேன். 52 வரை ஒன்றும் இல்லை. 55-இல் நம்பர் பிளேட் கத்தியது. 58 தாண்டினால் வாயை மூடிக்கொண்டது.

55 ஹெர்ட்ஸ் என்பது பேஸ் கிதாரின் ஏ கம்பி. வெறும் கம்பியை மீட்டினால் வரும் சுரம், நம் கணக்கில் ஆறு கட்டை. பாட்டு அந்தச் சுரத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் என் நம்பர் பிளேட்டும் சேர்ந்து பாடும். பாடகர் மூச்சு வாங்க நிறுத்தினாலும் இது நிறுத்தாது.

பின்னால் ஸ்பான்ஞ்சு ஒட்டினால் தீர்ந்தது என்பீர்கள். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, திரும்பக் கழற்ற முடியாத ஸ்நாப் லாக். திருடன் கழற்றக் கூடாது என்பதற்காகச் செய்தது, நியாயம்தான். ஆனால் நானும் கழற்ற முடியாது. லாக்கை உடைத்தால் புதிதாகப் பதிந்து போட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே ஸ்டீல் ஸ்கேலை வைத்து, தகட்டுக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவில் ஃபோம் டேப்பை ஓரமாகத் திணித்தேன். அமைதி! அடுத்த மழையில் ஃபோம் தண்ணீர் குடித்து ஊறி நழுவியது. அப்புறம் ரப்பர் பீடிங். அது பரவாயில்லை, தாக்குப்பிடிக்கிறது. வெயிலில் இறுகியதும் ஒரு மூலை மட்டும் மறுபடி ஆரம்பிக்கிறது. மாற்றுகிறேன், மறுபடி வருகிறது.

கடைக்காரரிடம் போனால், "சார், பேஸ் வந்தா பாடி ஆடத்தான் செய்யும், ஒரு பாயின்ட் குறைச்சு வைங்க" என்றார். குறைத்து வைப்பதற்கா இவ்வளவு செலவு? ஸ்பீக்கர் விற்கும்போது டிக்கிக் கதவையும் நம்பர் பிளேட்டையும் யாருமே பேச்சில் எடுப்பதில்லை. வண்டியை ஓட்டிப் போனபின் அது நம் தலைவலி.

சின்னக் குறைகளும் உண்டு. ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தின் மேல்தான் சப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பஞ்சரானால் முதலில் பெட்டியை இறக்க வேண்டும். வயரைச் சட்டென்று பிடுங்கும்படி கனெக்டர் போடச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் 90-இல் போகும்போது டயர் இரைச்சல் பேஸை விழுங்கிவிடும், சப்பைக் கூட்டுவோம். டோல்கேட்டில் நின்றதும் அதே அளவு நெஞ்சில் குத்தும். டேஷ்போர்டுக்குக் கீழே பேஸ் நாப் ஒன்று அவசியம்.

இவ்வளவு திட்டியாயிற்று. ஆனால் மிருதங்கம் கேட்கும்போது என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பழைய ஸ்பீக்கர்களில் வலந்தலை, அதாவது வலது பக்கம், மட்டும்தான் கேட்கும். தொப்பி எனும் இடது பக்கம் ஏதோ தட்டுவதாக ஊகித்துக்கொள்ள வேண்டும். இப்போது தனி ஆவர்த்தனத்தில் கும்கி கொடுக்கும்போது, அதாவது தொப்பியை அழுத்திச் சத்தத்தை வளைக்கும்போது, அந்தத் தோல் அழுந்தி வளைந்து எழுவது முழுதாகக் கேட்கிறது. கதவுகளுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அந்த வேலையைச் சப்பிடம் கொடுத்ததால் வந்தது இது. சத்தம் கூட்டாமலே கேட்கிறது. தவில் என்றால் சொல்லவே வேண்டாம்.

நண்பருக்கு நான் சொன்ன பதில்: கதவு ஸ்பீக்கரும் பியூட்டைல் ஷீட்டும் போடுங்கள், சப் வேண்டவே வேண்டாம். "அப்ப உங்களுதைக் கழட்டிட்டீங்களா?" என்றார். இல்லை. கழற்றுவதாகவும் இல்லை. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், ஆஃபர் மாதக் கடைசிவரை இருக்கிறதாம். சப்போடுதான் வாங்குவேன் என்றால் ஒன்று செய்யட்டும்: மீதிப் பணம் கொடுப்பதற்கு முன், கடை வாசலிலேயே டிக்கியைச் சாத்திவிட்டு 30-லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றச் சொல்லி, பின்னால் போய் நின்று கேட்கட்டும்.