இரட்டைத் தட்டு மின்சார க்ரும்காக்க அச்சு: மூன்று நத்தார்களுக்குப் பிறகு

நோர்வேயில் நத்தாருக்கு ஏழு வகைப் பலகாரம் செய்து தகரப் பேணிகளில் அடுக்கி வைக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த ஏழும் எவை என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளும். பேர்கனில் உள்ள எங்கள் வீட்டில் மற்ற ஆறும் மாறியிருக்கின்றன, க்ரும்காக்க மட்டும் மாறியதில்லை. 2011 டிசம்பரில் நாடு முழுவதும் கடைகளில் பட்டர் தீர்ந்துபோனபோதுகூட, கையிலிருந்த ஒரு கட்டி பட்டரை என் மாமி க்ரும்காக்கவுக்கு என்று ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை அந்த ஆண்டு கைவிட்டார். ஏலக்காய் மணக்கும் முட்டைக் கரைசலைப் பூவேலை செதுக்கிய இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வார்த்து, அழுத்திச் சுட்டு, சூடு ஆறும் முன்பே கூம்புக் கட்டையில் சுற்றி எடுக்கும் மெல்லிய பலகாரம் அது. அதைச் சுடுவதற்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆயிரம் குரோனருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கிய மின்சார அச்சைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அதற்கு முன் எங்களிடம் இருந்தது மாமியின் தாயார் பயன்படுத்திய வார்ப்பிரும்பு அச்சு. அடுப்பின் மேல் ஒரு வளையத்தை வைத்து, அதில் அச்சைப் பொருத்தி, ஒரு பக்கம் வெந்ததும் கைப்பிடியைப் பிடித்து மறுபக்கம் புரட்ட வேண்டும். மாமி மேற்கு நோர்வேயின் ஹர்டாங்கர் பகுதியில் வளர்ந்தவர். போர் முடிந்த பிறகும் நோர்வேயில் சீனி 1952 வரை பங்கீட்டில்தான் கிடைத்தது என்பதால், இலையுதிர் காலத்திலிருந்தே அவருடைய தாயார் பங்கீட்டுச் சீனியில் கொஞ்சம் கொஞ்சமாக மீதம் பிடித்து நத்தாருக்குச் சேர்த்து வைப்பாராம். தாயார் அச்சைப் புரட்ட, ஏழு வயது மாமி பக்கத்தில் நின்று விரல் நுனி சிவக்கச் சிவக்கச் சுற்றுவாராம். இன்று அந்த இரும்பைத் தூக்கிப் புரட்ட அவருடைய மணிக்கட்டில் வலுவில்லை. எங்கள் குசினியில் இருப்பதும் இண்டக்சன் அடுப்பு. அச்சு வார்ப்பிரும்பாகவே இருந்தாலும், வளையத்தின் மேல் உயர்ந்து நிற்பதால் அந்த அடுப்பில் அது சூடேறாது. ஆகவே மின்சார அச்சு எங்களுக்குத் தேவையாகவே இருந்தது.

புரட்ட வேண்டியதில்லை என்பதே இதன் முதல் நன்மை. மேலும் கீழும் ஒரே நேரத்தில் சூடாவதால், மூடிய ஒரு நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பொன்னிறமாகின்றன. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு நம்பத்தக்கது. நடுவிலிருந்து ஒரு புள்ளி மேலே வைத்தால் எங்கள் கரைசலுக்குச் சரியாக இருக்கிறது. தயார் என்று காட்டும் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். அது எரிந்த பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்தால்தான் தட்டின் ஓரங்களிலும் சூடு பரவும். முதல் இரண்டு க்ரும்காக்கவும் எப்படியும் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடுதான் வரும். பிள்ளைகள் அவற்றுக்காகவே காத்து நிற்பார்கள்.

இந்த அச்சு ஒரே தடவையில் இரண்டு க்ரும்காக்க சுடும் என்பதை வாங்கும்போது பெரிய வசதி என்று நினைத்தேன். முதல் ஆண்டு தனியாக நின்று சுட்டபோதுதான் அதிலுள்ள சிக்கல் புரிந்தது. சூட்டில் இளகியிருக்கும் சீனி, தட்டை விட்டு எடுத்த சில நொடிகளிலேயே இறுகிவிடுகிறது. அதற்குள் சுற்றாவிட்டால் அது தட்டையாகவே நின்றுவிடும். வளைக்கப் போனால் நொறுங்கும். முதலாவதைச் சுற்றி அதன் ஓரத்தை அமர்த்திப் பிடித்திருக்கும் நேரத்தில், இரண்டாவது ஒன்றில் தட்டிலேயே கருகியது, அல்லது பலகையில் விறைத்துக் கிடந்தது. அன்றிரவு என் பேணியில் பாதிக்கு மேல் தட்டையானவைதான். மறுநாள் மாமி வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். “நீ வார், நான் சுற்றுகிறேன்” என்றார். எழுபது ஆண்டுகளுக்கு முன் பழகிய வேலையை விரல்கள் மறக்கவில்லை: பெருவிரலால் ஓரத்தை மடித்து, உள்ளங்கையால் கூம்பை ஒரு சுற்று உருட்டி, மூன்று எண்ணும் வரை பொறுத்து, உருவி வைத்தார். நான் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் கை தயாராக இருந்தது. இது இரண்டு பேருக்கான கருவி; வீட்டில் துணைக்கு ஆள் இல்லாதவர்கள் ஒரு தடவையில் ஒன்று மட்டும் சுடும் ஒற்றைத் தட்டு அச்சை வாங்குவதே நல்லது.

கூடவே வரும் பிளாஸ்டிக் கூம்பை ஒதுக்கிவிடுங்கள். அது மிகவும் வழவழப்பானது, பலகாரம் பிடிமானமின்றி வழுக்குகிறது. மரக் கூம்பு இரண்டு தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றில் ஆறிக்கொண்டிருக்கும்போது மற்றதில் சுற்றலாம்.

மாமி க்ரும்காக்கவின் தரத்தைச் சோதிக்கும் முறை ஒன்றுதான். சுற்றாத ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். பூவேலையின் கோடுகளுக்கு நடுவில் வெளிச்சம் கசிய வேண்டும். பழைய அச்சில் எட்டிதழ் நட்சத்திரம் ஒன்று ஆழமாகச் செதுக்கப்பட்டிருந்தது. அதில் சுட்டவை கண்ணாடித்தாள் போல ஒளி காட்டின. புதிய அச்சில் கரைசல் ஒட்டாதிருக்கப் பூசிய பூச்சுக்குக் கீழே பூவேலை ஆழமில்லாமல் இருக்கிறது, மூடியின் கீலும் தளர்வாக அமர்கிறது, ஆகவே பலகாரம் சற்றுத் தடிப்பாக வருகிறது. இதுவே இந்தப் பொருளின் உண்மையான குறை. ஓரளவு சரிப்படுத்தும் வழியை இரண்டாம் ஆண்டில் கண்டுபிடித்தோம். மாமியின் வீட்டுக் கணக்குப்படி தராசின் ஒரு தட்டில் முட்டைகளை வைத்து, அதே எடைக்குச் சீனியும் பட்டரும் மாவும் எடுக்க வேண்டும். அந்த மாவில் கால் பங்கை உருளைக்கிழங்கு மாவாக மாற்றினோம், ஊறி இறுகிய கரைசலில் இரண்டு மூன்று கரண்டி குளிர்ந்த நீர் விட்டுத் தளர்த்தினோம், மூடியதும் முதல் பத்து நொடி கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தோம். மாமி யன்னலருகே பிடித்துப் பார்த்து, “பரவாயில்லை” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சொல்.

துப்புரவு செய்வது சிரமமில்லை. சூடு தணிந்த பிறகு மென்மையான தூரிகையால் கோடுகளைத் தட்டி, துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் படக்கூடாது. கரைசலை ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வார்த்தால் ஓரத்தில் வழிந்து கீலில் இறுகிவிடுகிறது, அதைச் சுரண்ட மரக்குச்சி வேண்டும். மின்கம்பி நீளம் போதாது என்பதும் ஒரு சங்கடம்.

சுட்டவற்றை முழுதாக ஆறவிட்டு, காற்றுப் புகாத பேணியில் வைத்தால் நத்தார் முடியும் வரை மொறுமொறுப்புக் குறையாது. அடித்த கிரீமும் முல்தெ என்ற செம்மஞ்சள் காட்டுப் பழமும் உள்ளே நிரப்புவதாக இருந்தால் மேசைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் நிரப்புங்கள். கால் மணி நேரம் பிந்தினாலே இளகிவிடும். யாழ்ப்பாணத்தில் அம்மா அச்சுப் பலகாரம் சுட்ட இரும்புப் பூவைப் போன்றதே நோர்வேயில் ரொசெட்பக்கல்ஸ் என்ற எண்ணெய்ப் பலகாரம் சுடும் அச்சும் என்று மாமிக்குச் சொன்னதிலிருந்து, எங்கள் ஏழில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

பழைய வார்ப்பிரும்பு அச்சை நாங்கள் விடவில்லை. மலையிலுள்ள எங்கள் சிறு மரவீட்டில் காஸ் அடுப்பு இருக்கிறது. டிசம்பர் முதல் வார இறுதியில் அங்கே போய், நான் புரட்ட மாமி சுற்ற, ஒரு பேணிக்கு மட்டும் அதில் சுடுகிறோம். மற்றப் பேணிகளுக்கு இந்த மின்சார அச்சு போதும்.