மகனைத் தேடிப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்த கிழவர்: ‘ஒரு சிப்பாயின் தந்தை’

இரண்டாம் உலகப் போரில் அப்பாவும் மகனும் சிப்பாய்கள் என்று கேள்விப்பட்டு, சிரிப்புப் படம் என்றே நினைத்து உட்கார்ந்தேன். முதல் பாதி அப்படித்தான் போகிறது. 1964-இல், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த ஜார்ஜியாவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். இயக்குநர் ரேஸோ ச்கெய்ட்ஸே. இதுவரை மூன்று முறை பார்த்துவிட்டேன்.

கியோர்கி மகரஷ்விலி, ககேத்தி பகுதியில் திராட்சை பயிரிடும் விவசாயி. மகன் கோதெர்ட்ஸி டாங்கிப் படையில் இருக்கிறான். அவன் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் தகவல் வந்ததும் கிழவர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அலைந்து திரிந்து போய்ச் சேர்ந்தால், பையன் குணமாகி மறுபடி போர்முனைக்கே போய்விட்டான். சரி, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானே? மாட்டார். மகன் போன திசையிலேயே போகிறார். வயதாகிவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்பவர்களிடமெல்லாம் மல்லுக்கட்டி, கடைசியில் தானும் சீருடை மாட்டிக்கொள்கிறார்.

சிரிப்பெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். இந்த மனிதருக்குச் சிப்பாயாக மாறத் தெரியவில்லை. துப்பாக்கி தோளில் தொங்கினாலும் அவர் அப்பாதான், விவசாயிதான். உடன் இருக்கும் இளவட்டங்களை வீட்டுப் பிள்ளைகளைப் போல அதட்டுகிறார். அவருடைய ரஷ்ய மொழி தட்டுத்தடுமாறி வருகிறது. ஆனால் தயக்கம் துளியும் இல்லை, மேலதிகாரியிடமும் அதே மொழியில் வாதாடுகிறார். அவர் பேச்சுக்குச் சிரிக்கிறோமே தவிர, அவரைக் கேலியாகப் பார்க்க ஒரு இடத்திலும் மனசு வருவதில்லை. செர்கோ ஸகரியாட்ஸே நடித்திருக்கிறார். அப்போது அவருக்கு ஐம்பது வயதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. அந்த நடையும் கனத்த உடம்பும் மீசையும் எழுபது வயது என்று நம்ப வைக்கின்றன. 1965-இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். எத்தனை விருது கொடுத்தாலும் தகும்.

ஒரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். படை ஜெர்மனிக்குள் நுழைந்துவிட்டது. வழியில் ஒரு திராட்சைத் தோட்டம். எதிரி மண்ணில் விளைந்ததுதானே என்று டாங்கி அதன் மேலேயே ஏறி வருகிறது. கிழவர் ஓடிப்போய்க் குறுக்கே நிற்கிறார். இத்தனை பெரிய இரும்புக்கு முன்னால் ஒற்றை ஆள்.

இரண்டாவது முறை இந்தப் படத்தை என் அப்பாவோடு பார்த்தேன். அவருக்குத் திரையில் ஓடும் எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைக்காது. அதனால் வசனத்தை நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். டாங்கி தோட்டத்துக்குள் இறங்கியதுமே, நான் வாயைத் திறப்பதற்குள், அப்பா நாற்காலியில் நிமிர்ந்து “டேய், காய்க்கிற கொடிடா அது!” என்றார். திரையில் கியோர்கி கத்துவதும் கிட்டத்தட்ட அதேதான். வாழ்நாளெல்லாம் பயிர் வைத்த கைக்கு, அது யார் மண் என்ற கேள்வியே எழாது போலிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சண்டைக் காட்சிகள் அந்தக் காலத்துச் சோவியத் போர்ப் படங்களில் வருவது மாதிரியேதான் இருக்கின்றன, ஓடுகிறார்கள், வெடிக்கிறது, விழுகிறார்கள். நாட்டுப்பற்றை வசனத்தில் அழுத்திச் சொல்லும் சில இடங்களும் உண்டு. கிழவர் திரையில் இருந்தால் அதுவும் பரவாயில்லை, அவர் இல்லாத நிமிடங்கள்தான் நீளமாகத் தெரிகின்றன.

டப்பிங் செய்த பிரதி கிடைத்தால் தயவுசெய்து வேண்டாம். ஸகரியாட்ஸேயின் சொந்தக் குரலில், அந்தத் தடுமாறும் ரஷ்ய மொழியோடு கேளுங்கள். அதை இழந்தால் பாதிப் படம் போயிற்று.

முடிவை முழுதாகச் சொல்ல மாட்டேன். ஜெர்மன் நகரம் ஒன்றில், பல மாடிக் கட்டடம். மேல் தளத்தில் மகன் மாட்டிக்கொண்டிருக்கிறான், கீழே அப்பா, இரண்டு பேருக்கும் நடுவில் எதிரிகள். மேலே இருப்பது தன் பிள்ளைதான் என்று தெரிந்ததும் கிழவர் கட்டடமே அதிரும்படி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். இத்தனை தூரம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூட வந்திருக்கிறோம், அதனால்தான் அந்தக் கூப்பாடு அப்படி நெஞ்சில் இறங்குகிறது. அந்த இடத்தில் நான் அப்பாவுக்கு வசனம் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.