வீட்டுக் கணினியிலிருந்து போனுக்குப் பாட்டும் படமும்: எது தோது?

எங்கள் வீட்டில் இதற்கு மூன்று வாடிக்கையாளர்கள். செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி மிட் வேலியில் இறங்கும்வரை பாட்டுக் கேட்கும் நான். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்து போனில் பழைய படம் பார்க்கும் அம்மா. பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு "எனக்கும் குடுடா" என்று கேட்கும் அக்கா. சரக்கெல்லாம் அப்பா சேர்த்து வைத்த குறுந்தட்டுகளிலிருந்து ஏற்றியது. முன்னறையில் ஒரு பழைய கணினிக்குள் கிடக்கிறது. அதைப் போனுக்குக் கொண்டுவர வி.எல்.சி, பிளெக்ஸ், ஜெல்லிஃபின், நாவிட்ரோம் என நான்கு மென்பொருள்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று.

வி.எல்.சியை முதலில் முடித்துவிடலாம். கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்தால் போதும், போனில் இருக்கும் வி.எல்.சி அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். காசு கிடையாது, கணக்குத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் கோப்பு எப்படி இருக்கிறதோ அப்படியேதான் வரும், சுருக்கித் தராது. வீட்டு வைஃபையைத் தாண்டினால் வேலைக்கு ஆகாது. படச் சுவரொட்டி இல்லாமல் வெறும் கோப்புப் பெயர்களைக் காட்டினால் அம்மா கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

உண்மையான போட்டி பிளெக்ஸுக்கும் ஜெல்லிஃபினுக்கும்தான். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி: சுவரொட்டி, நடிகர் பெயர், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி, எல்லாம் உண்டு. பெயரில் ஆண்டைச் சேர்க்காவிட்டால் இரண்டுமே குழம்பும். 1980-இல் ரஜினி நடித்த பில்லாவுக்கு 2007-இல் அஜித் நடித்த பில்லாவின் சுவரொட்டியை ஒட்டிவிடும். வேறுபாடு காசில் தொடங்குகிறது. 2025 ஏப்ரல் 29 முதல், வீட்டுக்கு வெளியே இருந்து சொந்த வீடியோவைப் பார்க்க பிளெக்ஸ் கட்டணம் கேட்கிறது. அன்றே வாழ்நாள் சந்தா 119.99 டாலரிலிருந்து 249.99 ஆனது, அப்போது ரிங்கிட்டில் கிட்டத்தட்ட ஆயிரம். பார்ப்பவர் மட்டும் மாதக் கட்டணம் கட்டும் வழியும் உண்டு, 2025-இல் அது 1.99 டாலர். ஜெல்லிஃபினில் இந்தப் பேச்சே இல்லை. எம்பி (Emby) என்ற மென்பொருள் 2018 கடைசியில் தன் நிரலை மூடிக்கொண்டபோது, அதுவரை திறந்திருந்த நிரலை எடுத்துச் சிலர் தனியாக வளர்த்தது இது. கணக்கும் கடவுச்சொல்லும் நம் கணினிக்குள்ளேயே இருக்கும். பிளெக்ஸில் நுழைவுச் சரிபார்ப்பு அந்த நிறுவனத்தின் வழியாகப் போகிறது.

இன்னொரு பெரிய விஷயம், படத்தைச் சுருக்கும் வேலை. நல்ல தெளிவில் நொடிக்கு 8 மெகாபிட் ஓடும் படம் ஒரு மணி நேரத்தில் 3.6 ஜிபியைத் தின்னும். அதையே 2 மெகாபிட்டாக்கினால் 900 மெகாபைட்தான். வெளியே டேட்டாவில் பார்ப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் அந்த மாற்றத்தை ஓடும்போதே செய்து தள்ள வேண்டியது நம் கணினி. இன்டெல் சில்லுக்குள் இருக்கும் குவிக் சிங்க் அதை அலட்டாமல் செய்யும். பிளெக்ஸில் அதைப் பயன்படுத்தச் சந்தா வேண்டும், ஜெல்லிஃபினில் வேண்டாம். அதை முடுக்கிவிடாமல் முதல் நாள் ஓட்டியபோது விசிறி போட்ட சத்தத்தில், "யாருடா மிக்ஸி போட்டது?" என்று அம்மா கேட்டார்.

சரி, வெளியிலிருந்து வீட்டுக் கணினியை எட்டுவது எப்படி? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வெளியிலிருந்து வீட்டைக் கண்டுபிடிக்க இணையத்தில் ஒரு பொது முகவரி (ஐ.பி.) வேண்டும். இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருந்தால், ரூட்டரில் எந்தக் கதவைத் திறந்தும் பயனில்லை. ரூட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் உங்களுக்கும் அதே நிலைதான். அப்போது பிளெக்ஸ் தன் நிறுவனக் கணினிகள் வழியாக ஓர் இடைவழியில் அனுப்பும். வீட்டுக் கணினியின் சொந்தக்காரரிடம் சந்தா இல்லாவிட்டால் நொடிக்கு 1 மெகாபிட், இருந்தால் 2. பெரிய திரையில் முகங்கள் மங்கிப்போகும்.

ஜெல்லிஃபினுக்கு அந்த இடைவழியும் கிடையாது. அதற்கு மருந்து டெயில்ஸ்கேல். கணினியிலும் போனிலும் போட்டு ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். இதில் ஒரு தொல்லை: அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடும்வரை போனின் மேலே ஒரு சாவிச் சின்னமும் நிற்கும். "அந்தச் சாவிப் படம் எதுக்குடா மேலே நிக்குது? யாராச்சும் ஒட்டுக் கேக்கறாங்களா?" என்று அக்கா இரண்டு முறை அணைத்துவிட்டாள். உங்கள் வீட்டுக்குத் தனிப் பொது முகவரி இருந்தால், இப்படிப்பட்டவர்களுக்கு நான் யோசிக்காமல் பிளெக்ஸைத்தான் சொல்வேன். ஆப்பைப் போட்டோமா, நுழைந்தோமா, படம் ஓடியதா என்று முடிந்துவிடும்.

பாட்டுக்கு இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஜெல்லிஃபினில் பாட்டு கேட்கலாம், ஆனால் விருந்தாளிக்குப் போட்ட பாய் மாதிரிதான் அதற்கு இடம். நாவிட்ரோம் பாட்டுக்கென்றே எழுதப்பட்டது. பழைய கணினிக்கும் சுமையில்லை. பாட்டு ஆப்புகள் கணினியோடு பேசிக்கொள்ளும் சப்சோனிக் என்ற பொது முறை தெரிந்த எந்த ஆப்பும் அதனுடன் சேரும். ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய சிம்ஃபோனியம் எனக்கு ஒத்துப்போனது. நொடிக்கு 128 கிலோபிட்டாகச் சுருக்கிக் கேட்டால் மணிக்கு 58 மெகாபைட்டுக்குள் அடங்கும். மறுநாளைக்கான பாட்டுகளை இரவே போனில் இறக்கியும் வைக்கலாம்.

ஆனால் தமிழ்ப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு படத்தில் ஐந்து பாட்டு, ஐந்து பாடகர், ஆல்பத்தின் கலைஞர் என்ற இடம் காலி என்றால் நாவிட்ரோம் அதை ஐந்து ஆல்பமாக்கிவிடும். எம்.பி.3 டேக் போன்ற, பாட்டின் விவரங்களைத் திருத்தும் மென்பொருளில் திறந்து, அந்த இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டால் ஒன்று சேரும். மூன்று வார இறுதிகள் இதற்கே போயின. இது போதாதென்று, அக்கா பள்ளிக் காலத்தில், யூனிகோடு பரவுமுன் இருந்த டிஸ்கி எழுத்துருவில் தட்டி வைத்த தலைப்புகள் எல்லாம் இப்போது வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டுத்தான் பெயரிட வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் பொது முகவரி இல்லாததால், அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஜெல்லிஃபின், எனக்கு நாவிட்ரோம் என்று வைத்துவிட்டேன். கணினி தானாகத் தூங்கப்போகும் அமைப்பை மட்டும் முதல் நாளே அணைத்துவிடுங்கள். நான் மறந்ததால் மதியம் ஒன்றரைக்கு அலுவலகத்துக்கே அழைப்பு வந்தது. இரவும் பகலும் 50 வாட் இழுத்தால் மாதம் 36 யூனிட் ஆகிறது. 10 வாட்டில் ஓடும் சின்னப் பெட்டிக் கணினி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.