கொடைக்கானலில் 5,400 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

நேற்று இரவுதான் மதுரைக்குத் திரும்பினோம். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் கடை. பெயர் வேண்டாம். ஒரு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் தூண் பாறை படம். பேரிஜம் ஏரி, பூம்பாறை, மன்னவனூர், நாலு பேருக்கு 5,400 ரூபாய் என்றார் அங்கிருந்தவர். பாதி இப்போது, மீதி நாளைக்கு என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அதற்குள் அம்மாவை உட்காரவைத்து, டீ வரவழைத்து, "முட்டி வலியாம்மா? குழந்தை வேலப்பர் கோயில் வாசல்லயே வண்டி நிக்கும்" என்றார். பூம்பாறை வேலப்பரைப் பார்க்க வேண்டும் என்று அம்மா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த டீயில் விழுந்தேன். "பேரிஜம் பாஸுக்கு இப்பவே பணம் கட்டணும்ணே" என்றதும் 5,400 ரூபாயையும் ஜிபே செய்துவிட்டேன். அதில் 300 ரூபாய் இ-பாஸுக்காம்! கொடைக்கானலுக்குள் வண்டி நுழைய 2024 மே மாதம் வந்த அந்த இ-பாஸ் இலவசம். அதுவும் வெளியூர் வண்டிக்குத்தான். பஸ்ஸில் வந்தவனுக்கு எதற்கு? அப்போது உறைக்கவில்லை.

காலை 8 மணிக்கு வர வேண்டிய வண்டி 11 மணிக்கு வந்தது. "பேரிஜமா? வனத்துறை பாஸ் காலையிலயே வாங்கணும் சார், தினம் இத்தனை வண்டின்னு கணக்கு. என்கிட்ட டவுன் மட்டும்னுதான் சொன்னாங்க" என்றார் டிரைவர். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தூண் பாறையில் ஒரே பனிமூட்டம், பாறையே தெரியவில்லை. பைன் காடு, கோக்கர்ஸ் வாக், அவ்வளவுதான். 2 மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டோம்.

கடையில் வேறொரு பையன். "ஓனர் வத்தலக்குண்டு போயிருக்கார்." போன் செய்தால், "பாஸ் தரல, நான் என்ன சார் பண்றது?" பூம்பாறைக்கு எந்த பாஸ் என்று கேட்டதும் கட். சாயங்காலம், "பாதி அனுப்புறேன்." ராத்திரி, "ரீஃபண்ட் கிடையாது சார்." காலையில் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

அதே பஸ் ஸ்டாண்டிலிருந்து பூம்பாறைக்கு பஸ் போகிறது என்பது, ஊருக்குத் திரும்ப பஸ் ஏறும்போதுதான் தெரிந்தது. 5,400 ரூபாய்!

எங்கே தங்கலாம், என்ன பார்க்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. முழுப் பணத்தை முன்னாலேயே கொடுக்காதீர்கள். எந்தெந்த இடம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், என்னிடம் ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருக்கிறது. இ-பாஸுக்குக் காசு கேட்டால் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.