குயின் மேரி: துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் ஓர் இரவு

கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் 1967 டிசம்பர் முதல் நிலையாக நிற்கும் குயின் மேரி, இன்று ஒரு தங்கும் விடுதி. விடுதி என்று மட்டுமே நினைத்து அறை எடுப்பவர்களுக்கு இது ஒத்துவராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுத் தட்டளவு வட்டமே இங்கு சன்னல். ஆனால் அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலை விட்டால் வேறு வழியில்லாத காலத்தைத் தொட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு இதற்கு இணையான இடம் அரிது.

ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் ஜான் பிரவுன் கப்பல் கட்டும் நிறுவனம் கட்டத் தொடங்கி, பொருளாதார மந்தத்தால் 1931 இறுதியில் வேலை நின்று, 1934இல் மீண்டும் தொடங்கிக் கடலில் இறக்கப்பட்ட கப்பல் இது. விருந்தினர் தங்குவது பெரும்பாலும் பழைய முதல் வகுப்பு அறைகளில்தான். பழைய குழாய்கள் எஞ்சியுள்ள குளியல் தொட்டிகளில் நன்னீருக்கும் கடல்நீருக்கும், சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் எனத் தனித்தனித் திருகுகள் உள்ளன. கடல்நீர் இப்போது வருவதில்லை. நடைகூடத்தின் நடுவில் நின்று பாருங்கள்: தரை இரு முனைகளை நோக்கியும் மெல்ல மேலேறும். அலைகளைத் தாங்குவதற்காகத் தளங்களுக்குக் கொடுத்த வளைவு அது. எந்தக் கட்டடத்திலும் இதைக் காண முடியாது.

என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது முதல் வகுப்பு உணவுக்கூடத்தின் சுவரில் மெக்டொனால்ட் கில் தீட்டிய அட்லாண்டிக் வரைபடம். பயண நாள்களில் ஒரு சிறு படிகக் கப்பல் அதன்மேல் நகர்ந்து, நடுக்கடலில் எங்கே இருக்கிறோம் என்பதைச் சூப் அருந்திக்கொண்டிருந்தவர்களுக்குக் காட்டியது. 1938இல் மணிக்கு 31.69 கடல்மைல் (நாட்) சராசரி வேகத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து குயின் மேரி நிகழ்த்திய சாதனை 1952 வரை முறியடிக்கப்படவில்லை என்பதை அறிந்து பார்த்தால், அந்தப் பொம்மைக் கப்பல் வெறும் அலங்காரமாகத் தோன்றாது. இதே குயின் மேரிதான் இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலாகி, 1943இல் சாம்பல் வண்ணப் பூச்சுடன் ஒரே பயணத்தில் 16,683 பேரைச் சுமந்தது.

குறை என்றால், விடுதியாக மாற்றியபோது கொதிகலன்கள் அனைத்தையும் அகற்றியதுதான். எஞ்சியிருப்பது பின்புற இயந்திர அறை மட்டுமே. அதன் அருகே, கப்பலை உந்திய நான்கு சுழலிகளில் மிஞ்சிய ஒன்றைத் தண்ணீருக்குள் குனிந்து பார்க்கலாம். ஒரே இரவுதான் தங்க முடியும் என்றால், மேல்தள மதுக்கூடத்தை இரவுக்கு வைத்துக்கொண்டு, பகலில் முதலில் அங்கே இறங்குங்கள்.