சமூகத் தலைமைப் பயிற்சி: சேருங்கள், ஆனால் தனியாகச் சேராதீர்கள்

தொண்டு நிறுவனம் ஒன்று பெரியவர்களுக்காக நடத்தும் உள்ளூர்த் தலைமைப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். வார இறுதிகளில் வகுப்பு, இடையில் களப்பணி, கடைசியில் தேர்வும் சான்றிதழும் என்பது அதன் அமைப்பு. நான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர். நூலகக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம், விளையாட்டு மன்றம் என்று பல இடங்களில் பொறுப்பு வகிப்பவர்கள் இதில் சேரலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேரலாம். பயிற்சியின் முதல் பாதி நான் கண்டவற்றிலேயே சிறந்தது. பிற்பாதியை நடத்துபவர்கள் திருத்தியே ஆக வேண்டும்.

கூட்டம் நடத்தும் பயிற்சியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எங்களை வட்டமாக உட்கார வைத்து, ஒரு கற்பனைத் தெருவின் வரைபடத்தையும் ஆளுக்கொரு மடித்த சீட்டையும் கொடுத்தார் பயிற்றுநர். ஒரு சீட்டில் ‘எதற்கெடுத்தாலும் குறுக்கிடுங்கள்’ என்றிருந்தது. இன்னொன்றில் ‘பழைய குறையையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்’. சில சீட்டுகளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கையிருப்பில் உள்ள பணத்தைத் தெருவிளக்குக்குச் செலவிடுவதா, மழைநீர் வடிகாலுக்குச் செலவிடுவதா என்பது விவாதம். வட்டத்துக்கு வெளியே ஒருவர் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார்.

விவாதம் முடிந்ததும் அந்தத் தாளைப் பலகையில் ஒட்டினார்கள். பாதி நேரத்துக்கு மேல் மூன்றே பேர் பேசியிருந்தார்கள். தையல் வேலை செய்யும் அம்மா ஒருவரின் பெயருக்கு எதிரே வெறும் கோடு மட்டும் இருந்தது.

“பேசக் கூடாது என்று உங்கள் சீட்டில் எழுதியிருந்ததா அம்மா?” என்று பயிற்றுநர் கேட்டார்.

“இல்லை ஐயா, என்னுடையது வெற்றுச் சீட்டு. பேச இடம் கிடைக்கவில்லை.”

பிறகு அதே விவாதத்தை வேறு விதிகளோடு நடத்தினார்கள். எல்லோரும் ஒருமுறை பேசி முடித்த பிறகுதான் யாரும் இரண்டாம் முறை பேசலாம். நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரம் குறித்திருக்க வேண்டும். தீர்மானத்தில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வார் என்பது இருக்க வேண்டும். அந்த அம்மாவின் முறை வந்தபோது வரைபடத்தை விரித்து ஓரிடத்தில் விரலை வைத்தார். விளக்குக் கம்பம் நடுவதற்குக் குறித்திருந்த இடமே தண்ணீர் தேங்கும் பள்ளம். அதை வேறு யாருமே கவனித்திருக்கவில்லை. எது முதலில் என்ற கேள்வி அதோடு தீர்ந்தது. இந்த ஒரு பயிற்சிக்காகவே நான் இந்த வகுப்பை எவருக்கும் பரிந்துரைப்பேன்.

களப்பணியும் அதே தரம். அவரவர் பகுதியில் உள்ளவர்களைத் தனித்தனியே சந்தித்துப் பேச வேண்டும். மனு, நோட்டீஸ், சந்தா ரசீது எதையும் கையில் கொண்டுபோகக் கூடாது. உங்களுக்கு இங்கே எது கவலை தருகிறது, அதற்காக யாரோடாவது சேர்ந்து எதையாவது செய்து பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுக் காது கொடுக்க வேண்டும். அப்படித்தான் பணி ஓய்வு பெற்ற மின் பணியாளர் ஒருவரைச் சந்தித்தேன். எந்த விளக்கு எப்போது பழுதானது, எப்போது சரிசெய்தார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். எங்கள் சங்கத்தின் மனுக்கள் எதிலும் இல்லாத விவரம் அது. முழங்கால் வலியால் படியேற முடியாததால் மாடியில் நடக்கும் கூட்டங்களுக்கு அவர் வந்ததே இல்லை. இப்போது கூட்டம் கீழ்த்தளத்தில் நடக்கிறது. அவரும் குறிப்பேட்டோடு வருகிறார்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பயிற்றுநர் அதை அழகாகச் சொன்னார். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மைல்ஸ் ஹார்ட்டனும் நண்பர்களும் 1932இல் தொடங்கிய ஹைலேண்டர் பள்ளி, தொழிலாளர்களையும் பின்னர் கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடியவர்களையும் பயிற்றுவித்தது. ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி 1955 கோடையில் அங்கே பயின்றார். அதே ஆண்டு டிசம்பரில்தான் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார். அந்தப் பள்ளியின் ஆதரவோடு 1957 சனவரியில் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவுத் தேர்வு தடையாக இருந்த காலம். பாடம் நடத்த வந்த பெர்னிஸ் ராபின்சன் ஒரு சிகை அலங்காரக் கலைஞர். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். என்ன கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று மாணவர்களைக் கேட்டு, அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். எங்கள் பயிற்றுநரும் முதல் நாள் இதே கேள்வியைக் கேட்டார். கணக்கு வாசிக்கத் தெரிய வேண்டும் என்று பலர் சொன்னதால் ஒரு பிற்பகல் முழுவதையும் வரவு செலவுக்கு ஒதுக்கினார்.

மக்கள் பங்கேற்பு எந்த அளவுக்கு உண்மையானது என்று காட்ட ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் வகுத்த எட்டுப் படி ஏணியும் பயனுள்ள பாடம். கீழ்ப்படிகளில் மக்கள் பெயரளவுக்கு உட்கார வைக்கப்படுகிறார்கள்; இடைப்படிகளில் அவர்களுக்குத் தகவல் சொல்கிறார்கள், அவர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள்; மேல்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் மக்களுக்கு வருகிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அழைப்பு வந்தால், அது எந்தப் படி என்று இப்போது கேட்கத் தெரிகிறது.

இனி குறைகள். பிற்பாதியில் வேறொரு பேச்சாளர் வந்து, ஒரு நாள் முழுவதும் திரையில் ‘தலைவரின் குணங்கள்’ என்று வாசித்துக்கொண்டே போனார். அனுபவத்திலிருந்து கற்கும் பெரியவர்களுக்கு அது வீண். கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு வேறு. டென்மார்க்கின் ரோடிங்கில் 1844இல் தொடங்கிய மக்கள் உயர்பள்ளிகள் தேர்வே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்களுக்குக் கற்பித்து வந்திருக்கின்றன. எங்கள் வகுப்பில் அந்தத் தையல் அம்மா தேர்வுத்தாளைக் கண்டு பயந்து வராமலே இருந்துவிட்டார். சான்றிதழ் கிடைக்காமல் போக வேண்டியவரா அவர்? எனக்கு இதில் உண்மையாகவே கோபம்.

ஆள் தேர்வும் சரியில்லை. சங்க நிர்வாகிகள் பரிந்துரைத்தவர்களையே எடுக்கிறார்கள். ஏற்கெனவே மேடையில் இருப்பவர்களே மறுபடியும் வருகிறார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி அறையும் ஆளும் வைத்திருந்ததைப் பாராட்ட வேண்டும். அதனால்தான் இளம் தாய்மார்கள் சிலர் கடைசி வரை வர முடிந்தது. ஆனால் வழிகாட்டி ஒருவர் பிறகு வந்து பார்ப்பார் என்று சொன்னார்கள், யாரும் வரவில்லை.

தனியாகச் சேராதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டு திரும்பினால், பழைய செயற்குழுவின் வழக்கத்தில் அது இரண்டு கூட்டத்துக்குள் கரைந்துவிடுகிறது. என்னோடு படித்தவர்களில் ஒரே நூலகக் குழுவிலிருந்து சேர்ந்து வந்த இருவர்தான் பேச்சுச் சுற்று முறையைத் தங்கள் குழுவில் நிலைநிறுத்தியிருக்கிறார்கள். ஒருவர் தலைமை வகிக்க, மற்றவர் நேரம் பார்க்கிறார்.

அடுத்த தொகுதிக்கு எங்கள் சங்கத்திலிருந்து இருவர் செல்கிறார்கள். இதுவரை எந்தப் பொறுப்பும் வகிக்காதவர்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவர்களுக்குக் களப்பணி இருக்கும் மாலைகளில் கூட்டம் வைப்பதில்லை என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டாயிற்று. தேர்வை நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.